மௌனம் சம்மதமல்ல!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வியாபாரத்தில் நாணயம் என்று சொன்னவுடன் நம் கண் முன்னால் வந்து நிற்பது தராசு. எடைக்கல் சரியாக இருக்க வேண்டும், முழக்கோல் சரியாக இருக்க வேண்டும், கலப்படம் கூடாது, பொய்ச் சத்தியம் கூடாது. இவற்றையெல்லாம் ஜும்ஆ மேடையிலும் கேட்டிருக்கிறோம், நம் பாட்டனார் கல்லாப்பெட்டியில் உட்கார்ந்து செய்ததையும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் இன்று தராசே இல்லாத வியாபாரங்கள் பெருகிவிட்டன. இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களில் ஒருவர் உடற்பயிற்சிக் கூடம் நடத்துவார். இன்னொருவர் ஆன்லைனில் டியூஷன் எடுப்பார். ஒருவர் பிராட்பேண்ட் இணைப்புக் கொடுப்பார். ஒருவர் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்களுக்கு ஆண்டுப் பராமரிப்புச் செய்வார். ஒருவர் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் விற்பார். இவற்றில் எடை போடுவதற்கு என்ன இருக்கிறது? முழம் போடுவதற்கு என்ன இருக்கிறது?

தராசு இல்லாத இடத்தில் எடைக்குறைவு எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நடக்கிறது சகோதரர்களே! வாடிக்கையாளரின் மறதியில் நடக்கிறது. அவருக்குத் தெரியாமலே புதுப்பிக்கப்படும் சந்தாவில் நடக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

பழைய சந்தாவும் புதிய சந்தாவும்

முன்பெல்லாம் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவோம். ஓராண்டு முடியும் தறுவாயில், "உங்கள் சந்தா இந்த இதழுடன் முடிவடைகிறது" என்று ஒரு சீட்டு இதழுக்குள்ளே வரும். விருப்பம் இருந்தால் தபால் நிலையம் சென்று மணியார்டர் அனுப்புவோம். அனுப்பாவிட்டால் இரண்டொரு இதழில் வரத்து நின்றுவிடும். அங்கே நம் மௌனத்திற்கு என்ன பொருள்? "வேண்டாம்" என்று பொருள். பணம் வேண்டுமென்றால் பத்திரிகைக்காரர்தான் நம்மைத் தேடி வந்து கேட்க வேண்டும்.

இன்றைய சந்தாவில் அது தலைகீழாகிவிட்டது. முதல் தடவை மட்டும் செல்போனில் ரகசிய எண்ணை அழுத்துகிறோம். அல்லது ஓடிபி எண்ணைக் கொடுக்கிறோம். அத்தோடு, "இனி ஒவ்வொரு மாதமும் இந்தத் தொகையை எடுத்துக்கொள்ளலாம்" என்ற அனுமதி வங்கியில் பதிவாகிவிடுகிறது. இதைத்தான் மாண்டேட் என்கிறார்கள், ஆட்டோபே என்கிறார்கள். அதற்குப் பிறகு நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். மாதம் பிறந்தால் பணம் போய்க்கொண்டே இருக்கும். இங்கே நம் மௌனத்திற்கு என்ன பொருள்? "வேண்டும்" என்று பொருள்!

சிந்தித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் அதே வாடிக்கையாளர்தான். அவருடைய மறதியும் அதே மறதிதான். முன்பு அவர் மறந்தால் வியாபாரிக்கு நஷ்டம். இன்று அவர் மறந்தால் வியாபாரிக்கு லாபம். மறதியின் பாரம் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறிவிட்டது. பாரம் மாறிய செய்தியை அவரிடம் நாம் சொன்னோமா? கேள்வியே இதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தானாகப் புதுப்பிக்கும் முறையே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கடைக்காரர் ஒருவர் ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில் பிராட்பேண்ட் அறுந்து வியாபாரம் நின்றுபோகாமல் அது காப்பாற்றுகிறது. கணினியில் சேமித்த கணக்குகள் சந்தா கட்ட மறந்ததால் அழிந்துபோகாமல் அது தடுக்கிறது. தெரிந்து, விரும்பி, ஒப்புக்கொண்டவருக்கு அது நல்ல வசதி. தெரியாதவருக்கு அது பொறி. இரண்டையும் பிரிக்கின்ற கோடு ஒன்றே ஒன்றுதான். அந்தக் கோட்டின் பெயர் வெளிப்படைத்தன்மை.

மறதியில் விளையும் லாபம்

"மறப்பவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?" என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் கணக்குகளை எடுத்து இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற அந்த இருவரின் ஆய்வு 2006-ல் வெளியானது. மாதச் சந்தா 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள், மாதத்திற்குச் சராசரியாக நான்கு தடவைக்குச் சற்று அதிகமாகத்தான் கூடத்திற்குப் போயிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு வருகைக்கு 17 டாலருக்கும் மேல்! அதே கூடத்தில் பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான்.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மாதச் சந்தாக்காரர் கடைசியாகக் கூடத்திற்கு வந்த நாளுக்கும், சந்தாவை நிறுத்திய நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதங்களுக்கும் மேல் ஓடியிருக்கிறது. காலடி எடுத்து வைக்காத கூடத்திற்கு இரண்டு மாதத்திற்கு மேல் பணம் கட்டியிருக்கிறார்கள். படித்தவர்களும் வசதியானவர்களும் இதில் அடக்கம்.

2023-ல் அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இன்னும் கூர்மையானது. கார்டு காலாவதியாகிப் புதிய கார்டு வரும்போது, சந்தா தொடர வேண்டுமானால் வாடிக்கையாளர் மறுபடியும் கார்டு எண்ணைக் கொடுத்தாக வேண்டும். அதாவது, ஒரு தடவையாவது யோசித்தாக வேண்டும். அப்படி யோசிக்க நேர்ந்த மாதத்தில் சந்தாவை விடுபவர்களின் எண்ணிக்கை திடீரென்று எகிறுகிறது! வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நிறுவனங்களுக்கு வருமானம் எவ்வளவு கூடுகிறது என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டாலும், குறைந்தது 14 விழுக்காடு. அதிகமாக 200 விழுக்காட்டுக்கும் மேல்.

இதன் பொருள் என்ன? சில நிறுவனங்கள் விற்பது சேவையே அல்ல. வாடிக்கையாளரின் மறதியைத்தான் அவை அறுவடை செய்கின்றன. அந்த வருமானம் நம் கல்லாப்பெட்டிக்குள்ளும் வரலாமா? "பரக்கத்" என்று நாம் சொல்கிறோமே, அது இந்தப் பணத்தில் தங்குமா?

ஈரத்தை அடியில் வைக்காதீர்கள்

நாம் அனைவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சி. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலின் அருகே நின்றார்கள். குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. வியாபாரியிடம் விசாரித்தார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்ற கருத்தில் கேட்டார்கள். ஏமாற்றுபவருக்குத் தம்மோடு தொடர்பில்லை என்ற கடுமையான எச்சரிக்கையும் அப்போதுதான் வந்தது.

கவனியுங்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்றும் அவருக்குத் தடை போடப்படவில்லை. உலர்ந்ததை மேலே பரப்பி ஈரத்தை அடியில் வைத்ததுதான் கண்டிக்கப்பட்டது. "நான் பொய் சொல்லவில்லையே, கையை விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே" என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இன்றைய விளம்பரத்தைப் பாருங்கள். "ஏழு நாள் வெறும் 1 ரூபாய்!" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஏழு நாளுக்குப் பிறகு மாதம் 299 ரூபாய் தானாக எடுக்கப்படும் என்று இருக்கிறது. 1 ரூபாய் என்பது மேலே பரப்பிய உலர்ந்த தானியம். 299 ரூபாய் அடியில் இருக்கும் ஈரம். ஓராண்டு கவனிக்காமல் விட்டால் 3,588 ரூபாய்! 1 ரூபாய் என்று நம்பி வந்தவரிடம் 3,588 ரூபாய் எடுப்பதற்கு நாம் என்ன பெயர் வைப்பது?

இன்னொரு செய்தியும் உண்டு. நபித்தோழர் ஒருவர் கொடுக்கல் வாங்கலில் அடிக்கடி ஏமாந்துபோவார். அவரைப் பார்த்து, "நீதான் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று பழி சுமத்தவில்லை. வாங்கும்போதே இதில் ஏமாற்று இருக்கக் கூடாது என்று சொல்லிவிடும்படி அவருக்கு வழி காட்டப்பட்டது. வாங்கிய பொருளைத் திருப்பித் தர மூன்று நாள் அவகாசம் அவருக்குக் கொடுக்கப்பட்டது என்றும் சில அறிவிப்புகளில் வந்திருக்கிறது. பலவீனமானவரின் பக்கம் சட்டம் சாய்ந்து நின்றது. நம் வியாபாரமும் அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

"இதெல்லாம் மார்க்கப் பேச்சு, வியாபார உலகம் வேறு" என்று எவரேனும் சொன்னால், நாட்டின் சட்டத்தையே எடுத்துப் பேசுவோம்.

காலர் ட்யூன் காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏதோ ஒரு பொத்தானில் விரல் பட்டுவிடும். மறுநாளிலிருந்து ரீசார்ஜ் செய்த பணம் கரைந்துகொண்டே போகும். ஜோசியம், கிரிக்கெட், சினிமாப் பாட்டு என்று கேட்காத சேவைக்கெல்லாம் பணம் பிடித்தார்கள். இதற்காகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2011 ஜூலையில் ஓர் உத்தரவும் 2013 ஜூலையில் மேலும் ஓர் உத்தரவும் பிறப்பித்தது. ஒரு தடவை பொத்தான் அழுத்தியது போதாது, வாடிக்கையாளர் இரண்டாவது முறையும் உறுதி செய்தால்தான் சேவை தொடங்க வேண்டும் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

அடுத்து ரிசர்வ் வங்கி. 2019 ஆகஸ்ட் 21 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு விதிகள் வகுத்தது. 2020 ஜனவரியில் அது யூபிஐ முறைக்கும் விரிவாக்கப்பட்டது. வங்கிகளும் நிறுவனங்களும் அவகாசம் கேட்டுக் கேட்டு, கடைசியில் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

அந்த விதிகள் என்ன சொல்கின்றன? முதல் பதிவின்போது ஓடிபி போன்ற கூடுதல் உறுதிப்பாடு வேண்டும். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்பாக வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். யார் எடுக்கிறார், எவ்வளவு எடுக்கிறார், எப்போது எடுக்கிறார், எதற்காக எடுக்கிறார் என்று அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு தடவையை மட்டுமோ, மொத்த அனுமதியையுமோ நிறுத்திவிட வாடிக்கையாளருக்கு வழி இருக்க வேண்டும். ஓடிபி இல்லாமல் எடுக்கும் தொகைக்குத் தொடக்கத்தில் 2,000 ரூபாய் உச்சவரம்பு வைத்தார்கள். 2022 ஜூனில் அது 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டுப் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் 1 லட்சமாக்கினார்கள்.

மூன்றாவதாக, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. அதன் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 நவம்பர் 30 அன்று ஒரு நெறிமுறையை அறிவித்தது. இணையத்திலும் ஆப்பிலும் வாடிக்கையாளரை மயக்கி விழவைக்கும் 13 தந்திரங்களை அது பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. அதில் ஒன்றின் பெயரே சந்தாப் பொறி! சந்தாவை நிறுத்தும் வழியை ஒளித்துவைப்பது, நிறுத்துவதை நீண்ட சிக்கலான வேலையாக்குவது, இலவசம் என்று சொல்லிவிட்டுப் பணம் எடுக்கும் அனுமதியைக் கேட்டு வாங்குவது ஆகியவை அதில் வருகின்றன. பெரிய நிறுவனத்துக்கு மட்டும் உள்ள விதி என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவில் பொருளோ சேவையோ தரும் எல்லா இணையத் தளங்களுக்கும், விளம்பரதாரர்களுக்கும், விற்பனையாளர்களுக்கும் அது பொருந்தும்.

பெரிய நிறுவனங்களின் கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அமேசான் நிறுவனத்தின் பிரைம் சந்தாவைப் பற்றி அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் வழக்குத் தொடர்ந்தது. மக்களை அவர்களின் தெளிவான சம்மதமின்றிச் சேர்த்ததாகவும், வெளியேறுவதை வேண்டுமென்றே கடினமாக்கியதாகவும் குற்றச்சாட்டு. வெளியேற நான்கு பக்கங்களைக் கடந்து ஆறு தடவை அழுத்த வேண்டும் என்று வழக்கில் எழுதப்பட்டது. அந்த வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருந்த பெயர் "இலியட்"! முடிவில்லாமல் நீளும் போரைப் பாடிய பழைய கிரேக்கக் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே அந்த நிறுவனம் 250 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 100 கோடி டாலர் அபராதம், 150 கோடி டாலர் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவதற்கு. மறதியில் வந்த பணம் ஒருநாள் கணக்குக் கேட்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

நாம் சொல்லும் சாக்குகள்

சட்டமும் மார்க்கமும் ஒரே பக்கம் நிற்கும்போதும் நம் மனம் சில சாக்குகளைத் தேடும். அவற்றையும் எடுத்துப் பார்த்துவிடுவோம்.

"வங்கியே முன்கூட்டித் தகவல் அனுப்புகிறதே, நாம் எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்?" என்பது முதல் சாக்கு. வங்கியின் தகவலைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஆங்கிலத்தில், எண்களும் குறியீடுகளுமாக வருகிறது. கடன் விளம்பரம், லாட்டரி மோசடி என்று நாளொன்றுக்குப் பத்து இருபது குறுஞ்செய்தி வரும் செல்போனில் அது பதினோராவதாக வந்து விழுகிறது. நம் தாயார் அதைப் படிப்பாரா? மளிகைக்கடை அண்ணாச்சி படிப்பாரா? வங்கி தன் கடமையைச் செய்கிறது. அதனால் நம் கடமை தீர்ந்துவிடாது. பொருளை விற்றது வங்கியல்ல, நாம்!

"நினைவூட்டினால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களே!" என்பது இரண்டாவது சாக்கு. இதைச் சொல்பவர் தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறார். தெரிந்தால் கொடுக்க மாட்டார் என்று நமக்குத் தெரிந்த பணத்தை, தெரியாமல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

"அவர் வராவிட்டாலும் எனக்கு வாடகை, கரண்டு, சம்பளம் எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?" என்பது மூன்றாவது. இதில் நியாயம் இருக்கிறது. டியூஷன் வகுப்பில் ஒரு மாணவருக்காக இடம் ஒதுக்கிவிட்டால், அவர் வராத நாளுக்கும் கட்டணம் கேட்பது தவறில்லை. ஆனால் அதை அவர் சேரும்போதே அறிந்திருக்க வேண்டும். வராவிட்டாலும் கட்டணம் உண்டு, நிறுத்த வேண்டுமானால் இத்தனை நாளுக்கு முன்பு சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அது ஒப்பந்தம். சொல்லாமல் எடுத்தால் அது வேறு. பயன்படுத்தினாரா இல்லையா என்பதைவிட, அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் முக்கியம்.

"எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள்?" என்பது கடைசிச் சாக்கு. எல்லாரும் எடைக்கல்லைக் குடைந்த காலத்தில்தான் நேர்மையான தராசுக்குப் பெயர் கிடைத்தது. அளவில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் 83-ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. தனக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றிய கண்டனம் அது. நம் செல்போனிலிருந்து 99 ரூபாய் கேட்காமல் போனால் கொதிக்கிறோம். நம் வாடிக்கையாளரிடமிருந்து 999 ரூபாய் எடுக்கும்போது "விதிமுறையில் எழுதியிருக்கிறதே" என்கிறோம். இது எந்தத் தராசு?

கடைக்காரர்கள் செய்ய வேண்டியவை

நாளைக் காலை கடை திறந்தவுடன் செய்யக்கூடிய காரியங்களைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: பணம் வாங்குவதற்கு முன்பே நான்கு செய்திகளைத் தமிழில், பெரிய எழுத்தில் சொல்லுங்கள். எவ்வளவு, எப்போது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எப்படி நிறுத்துவது. சலுகை விலை இருந்தால், சலுகை முடிந்த பிறகு வரும் விலையையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இரண்டு: தானாகப் புதுப்பிப்பதற்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதமாகாது. "ஒரே ஒரு தடவை மட்டும் கட்டுகிறேன்" என்பவருக்கும் வழி வையுங்கள்.

மூன்று: மாண்டேட்டில் உச்சவரம்பு என்று ஒன்று இருக்கிறது. மாதம் 300 ரூபாய்ச் சந்தாவுக்கு 5,000 ரூபாய் வரை எடுக்க அனுமதி கேட்காதீர்கள். தேவை எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

நான்கு: புதுப்பிக்கும் நாளுக்கு முன்பு நீங்களே நினைவூட்டுங்கள். ஆண்டுச் சந்தா என்றால் ஒரு வாரத்திற்கு முன்பாவது சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் நான்கு வரி போதும்: "ஐயா, உங்கள் ஆண்டுப் பராமரிப்புச் சந்தா மார்ச் 10 அன்று முடிகிறது. தொடர்ந்தால் அன்று 1,800 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படும். வேண்டாம் என்றால், வேண்டாம் என்று இதே எண்ணுக்கு அனுப்பினால் போதும்." இதை அனுப்ப எவ்வளவு செலவாகிவிடும்?

ஐந்து: சேர்வது எவ்வளவு எளிதோ, விலகுவதும் அவ்வளவு எளிதாக இருக்கட்டும். செல்போனில் சேர்த்துக்கொண்டவரை, நிறுத்துவதற்கு நேரில் வா, கடிதம் எழுது, மேலாளர் இல்லை நாளை வா என்று அலைக்கழிக்காதீர்கள். ஜெர்மனி நாட்டில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்பவர்கள் அதை நிறுத்தும் பொத்தானையும் கண்ணில் படும்படி வைத்தாக வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஆறு: விலையை உயர்த்தினால், பழைய சம்மதத்தை வைத்துக்கொண்டு புதிய விலையை எடுக்காதீர்கள். மறுபடியும் கேளுங்கள். விலை மாறினால் பேச்சும் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

ஏழு: இரண்டு மாதமாக ஒருவர் சேவையைத் தொடவே இல்லை என்று உங்கள் கணினியில் தெரிகிறது. ஒரு வார்த்தை விசாரியுங்கள். அவர் நோயில் படுத்திருக்கலாம், ஊர் மாறியிருக்கலாம், மௌத்தாகியும் இருக்கலாம். இறந்துபோனவரின் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறது என்றால், அந்தப் பணம் யாருடையது? அது அவருடைய வாரிசுகளின் சொத்து. யத்தீம்களின் பங்கும் அதில் இருக்கலாம்.

எட்டு: மறந்துபோய்ப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்று ஒருவர் வந்தால், அந்தச் சுற்றில் சேவையைப் பயன்படுத்தாதவராக இருந்தால், முழுத் தொகையையும் திருப்பிக் கொடுங்கள். வாக்குவாதம் வேண்டாம். அந்த ஒரு தடவைத் திருப்பிக் கொடுத்ததை அவர் பத்துப் பேரிடம் சொல்வார்.

இளைஞர்களே, உங்களுக்கு!

விற்பவர்களுக்குச் சொன்னேன். வாங்குபவர்களாகவும் நாம்தானே இருக்கிறோம்!

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் யூபிஐ செயலியைத் திறந்து ஆட்டோபே என்ற பகுதியைப் பாருங்கள். எந்தெந்த நிறுவனத்துக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று வரிசையாகத் தெரியும். தேவையில்லாததை அங்கேயே ரத்து செய்யலாம். கார்டில் கொடுத்த அனுமதியை உங்கள் வங்கியின் தளத்தில் பார்க்கலாம். பிறகு வாப்பாவின் செல்போனையும், உம்மாவின் செல்போனையும் வாங்கிப் பாருங்கள். பிள்ளைகள் விளையாட்டுக்காக அழுத்தியதெல்லாம் அங்கே இருக்கும்.

இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது! செல்போனிலிருந்து ஆப் போய்விடும், வங்கியிலிருக்கும் அனுமதி அப்படியே இருக்கும். இரண்டாவது, மாண்டேட்டை ரத்து செய்தால் பணம் போவது நின்றுவிடும். ஆனால் சந்தா ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டதாக நிறுவனத்துக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்பி, அதன் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பாக்கி என்று கேட்டு வந்தால் அதுதான் ஆதாரம்.

ஏமாற்றப்பட்டால் சும்மா இருக்காதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நூறு ரூபாய்தானே என்று நூறு பேர் விடுவதால்தான் ஒருவர் பத்தாயிரம் சம்பாதிக்கிறார்.

உரிமைகளுக்காகக் குரல் கொடுக்கும் சமுதாயம் நாம். நம் உரிமை பறிபோனால் வீதிக்கு வருகிறோம். சரிதான். ஆனால் நம் கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கும் ஓர் உரிமை இருக்கிறது. அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், தன் பணம் எப்போது, எதற்குப் போகிறது என்று அறிந்துகொள்ளும் உரிமை அது. அந்த உரிமையை எந்த ஆணையமும் வந்து கேட்பதற்கு முன்பாக, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாமே கொடுத்துவிட வேண்டும்.

இங்கிருந்து எழுந்து போகும்போது ஒரே ஒரு முடிவோடு போங்கள். உங்கள் பேரேட்டை எடுங்கள். தானாகப் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நின்று, "இவருக்கு இது தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியும் என்றால் அடுத்த பெயருக்குப் போங்கள். சந்தேகம் வந்தால், நாளைக்கே அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சிலர் விலகிப் போவார்கள். போகட்டும்! மீதமிருப்பவர்கள் தெரிந்து நிற்பவர்கள், விரும்பிக் கொடுப்பவர்கள். அந்தப் பணத்தை நிம்மதியாக வீட்டுக்கு எடுத்துப் போகலாம், பிள்ளைகளுக்குச் சோறு போடலாம்.

தெளிவான வியாபாரத்தையும், தூய்மையான வருமானத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! வஸ்ஸலாம்.